பதின்வயதுச் சுக்கானிகளுக்கான கோடைத் தலைமை முகாம்: கட்டணத்துக்கு எத்தனை நிமிடம் இருக்கை?

எட்டுப் பேர் துடுப்பு போடும் பந்தயப் படகில் ஒன்பதாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் துடுப்பு இருக்காது. ஆனால் படகு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவர் மட்டும்தான். மற்ற எட்டுப் பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னேறுகிறவர்கள். விளையாட்டு வட்டாரத்தில் அவரைக் காக்ஸ்வெயின் அல்லது சுருக்கமாகக் காக்ஸ் என்பார்கள். தமிழில் சுக்கானி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள சுக்கானிகளுக்கென்றே கோடை விடுமுறையில் நடக்கும் ஐந்து நாள் தலைமைப் பயிற்சி முகாம்களைப் பற்றியது இந்த மதிப்பீடு. நடத்துகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: காலையும் மாலையும் தண்ணீரில், நடுவில் வகுப்பறை, இரவில் ஒலிப்பதிவு கேட்பது, கடைசி நாள் ஒரு சிறு பந்தயம். இதில் எது பணத்துக்குத் தகும், எது வெறும் காகிதப் பூ என்று பிரித்துப் பார்க்கலாம்.

விளம்பரத் தாளில் தன்னம்பிக்கை, தகவல் தொடர்பு, ஆளுமை என்று எழுதியிருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பயிற்சி நேரம் 90 நிமிடம். படகைத் தூக்கி இறக்கி, ஏறி, திரும்பி வந்து கழுவி வைப்பதற்கு 20 நிமிடம் போனால் தண்ணீரில் 70 நிமிடம் மிஞ்சும். ஐந்து நாளில் ஒன்பது பயிற்சி, இரண்டு எட்டுப் பேர் படகு, 16 சுக்கானிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,260 நிமிடம். தலைக்கு 79 நிமிடம்கூடத் தேறாது. சொந்தக் கிளப்பில் ஒரே ஒரு காலைப் பயிற்சியில் கிடைக்கும் நேரம் அது. படகு நான்கானால் தலைக்கு 157 நிமிடம். அதற்குக் கீழே போகும் முகாமை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, வகுப்பறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. நீச்சலைக் கரும்பலகையில் கற்றவர் யாரும் இல்லை.

அடுத்த கேள்வி, துடுப்பு போடப்போவது யார்? இதில் இரண்டு வகை உண்டு. துடுப்புக்காரர்களுக்கான முகாமும் பக்கத்திலேயே நடக்கும், அந்தக் குழுக்களைச் சுக்கானிகளிடம் ஒப்படைப்பார்கள். இது ஒரு வகை. சுக்கானிகளே முறைவைத்துத் துடுப்பு போட்டு, ஒருவரை ஒருவர் ஓட்டுவது மற்றது. இரண்டாம் வகையை முற்றாக ஒதுக்கத் தேவையில்லை. ‘கேட்சில் (துடுப்பு தண்ணீரில் இறங்கும் கணத்தில்) சீக்கிரம் இறங்கு’ என்று ஆண்டுக்கணக்கில் கத்திய பிள்ளை, அது முதுகுக்கும் தொடைக்கும் என்ன கேட்கிறது என்று முதன்முறையாகத் தெரிந்துகொள்ளும். ஆனால் ஒரு நாளைக்கு மேல் அதில் பயனில்லை. பழக்கமில்லாத கைகளால் படகு ஒரு பக்கம் சாய்ந்தபடியே போகும். அந்தச் சாய்வில் சுக்கானைத் தொட்டால் என்ன பதில் வரும், எந்தச் சொல்லுக்கு வேகம் ஏறும் என்று எதையும் அளக்க முடியாது. முதல் நாள் மட்டும் அப்படி, பிறகு உண்மையான குழு என்று அமைத்திருந்தால் அது யோசித்து வைத்த முகாம்.

முதல் நாள் மாலையே தெரிந்துவிடும் இன்னொரு சோதனை, கட்டளைச் சொற்கள். வெவ்வேறு கிளப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள் வெவ்வேறு சொற்களோடு வருவார்கள். நிறுத்துவதற்கு அமெரிக்கப் பழக்கத்தில் ‘வே இனஃப்’, பிரிட்டிஷ் பழக்கத்தில் ‘ஈஸி ஆல்’ அல்லது ‘ஈஸி ஓர்’. துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் படகைப் பிடித்து நிறுத்த ஓரிடத்தில் ‘ஹோல்ட் வாட்டர்’, இன்னோரிடத்தில் ‘ஹோல்ட் இட் அப்’. பாலத்துத் தூண் எதிரே வரும்போது நான்கு பேருக்குப் புரிந்து நான்கு பேருக்குப் புரியாமல் போனால் படகு ஒரு பக்கமாகச் சுழன்று நேரே தூணுக்கே போகும். ஆகவே படகைத் தொடுவதற்கு முன் ஒரே பட்டியலை ஒப்புக்கொண்டு, அவசர நிறுத்தத்தை மூன்று முறையாவது செய்து பார்த்தபின்தான் முகாம் தொடங்க வேண்டும். வரவேற்பு விளையாட்டுகளில் அந்த மாலையைக் கரைக்கும் முகாம்களும் இருக்கின்றன.

இனி சுக்கான். முகாமின் மிகச் சிறந்த பகுதியாக இது இருக்க வேண்டும், பல இடங்களில் மிகப் பலவீனமான பகுதியாக இருப்பதும் இதுவே. ஓர் எட்டுப் பேர் படகின் நீளம் ஏறத்தாழ 17, 18 மீட்டர். உலகப் போட்டி விதிப்படி வெறும் படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோ. ஆள்களும் துடுப்புகளும் சேர்ந்தால் 750 கிலோவை எளிதாகத் தாண்டும். இத்தனையையும் திருப்புவதற்குச் சுக்கானியிடம் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகடும், அதை இழுக்கும் கயிறும். 500 மீட்டருக்கு 1 நிமிடம் 40 நொடி என்றால் நொடிக்கு 5 மீட்டர். மூன்றரை நொடி தாமதித்தால் ஒரு படகு நீளம் போயிருக்கும். கயிற்றை அசைத்ததும் படகு திரும்பாது. ஒன்றிரண்டு துடுப்பு வீச்சு கழித்துத்தான் பதில் வரும். புதிய சுக்கானி அதற்குள் பொறுமையிழந்து இன்னும் இழுப்பார். படகு வேண்டியதைவிட அதிகம் திரும்பும். உடனே எதிர்ப்பக்கம் இழுப்பார். தண்ணீரில் பாம்பு போன தடம் விழும். 2,000 மீட்டர் பந்தயத்தில் இந்த நெளிவு கூட்டும் தூரம் ஒரு பக்கம், தகடு ஒவ்வொரு முறை சாயும்போதும் தண்ணீரைத் தடுப்பது இன்னொரு பக்கம்.

நல்ல பயிற்றுநர் இதற்கு மூன்று பயிற்சி கொடுப்பார். தொலைவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பொருள்களைத் தேர்ந்து, அவை ஒரே கோட்டில் நிற்கும்படி ஓட்டுவது முதலாவது. கோடு பிரிந்தால் படகு விலகுகிறது என்று அர்த்தம். பக்கக் காற்றில் அணியம், அதாவது படகின் முன்முனை, நேராக இருந்தும் படகு நகர்ந்துகொண்டே போவதை இப்படித்தான் பிடிக்க முடியும். அடுத்தது, 500 மீட்டருக்குச் சுக்கானைத் தொடாமல், ஒரு பக்கத்துக்காரர்களைச் சற்று அழுத்தச் சொல்லியே திசையைத் திருத்துவது. கூர்மையான வளைவில் தகடு மட்டும் போதாது என்பது அப்போது பிடிபடும். மூன்றாவது பயிற்சியில் படகு நடுவை ஒட்டிச் சுழல்வதைப் பார்க்கவைப்பார்கள். அணியம் இடப்பக்கம் போனால் பின்முனையான அமரம் வலப்பக்கம் விலகும். மிதவையை அணியம் தாண்டிவிட்டது என்ற நிம்மதியில் திரும்புகிறவர், பின்பக்கத் துடுப்புகளால் அதை அடித்துவிட்டுப் போவார்.

எப்போது திருப்புவது என்பதில் பயிற்றுநர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. துடுப்பு அலகுகள் தண்ணீருக்குள் இருக்கும்போது படகு ஊன்றி நிற்கும், தகட்டின் சாய்வு சமநிலையைக் கெடுக்காது. ஆனால் அதே அலகுகள் திரும்புவதையும் எதிர்க்கும். அலகுகள் மேலே இருக்கும்போது படகு லேசாகத் திரும்பும், கூடவே சாயவும் செய்யும். இளையவர்களுக்கு முதல் முறையைச் சொல்லிக்கொடுப்பதே சரி என்பது எங்கள் எண்ணம். எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்லும் முகாமை நம்பலாம்.

ஒன்று கட்டாயம் பார்க்க வேண்டும்: கண்ணுக்கு மறைவான பகுதியைப் பற்றிப் பேசுகிறார்களா? அமரத்தில் உட்கார்ந்தவருக்கு நேர் எதிரே எட்டுப் பேர். சிறு மிதவையோ தனிப்படகோ அந்த மறைவில் முழுசாக ஒளிந்துகொள்ளும். இரு பக்கமும் மாறிமாறி எட்டிப் பார்ப்பது, நெரிசலான இடத்தில் முன்கோடி ஆளைத் திரும்பிப் பார்க்கச் சொல்வது ஆகிய இரண்டும் பழக்கமாக வேண்டும். சுக்கானியுள்ள நால்வர் படகுகள் பெரும்பாலானவற்றில் அவர் அணியத்துக்குள் படுத்தபடி போவார். அங்கே முன்புறம் துலக்கம், ஆனால் தன் குழுவையே பார்க்க முடியாது. அங்கே தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கியும் கூடாது. படகு கவிழ்ந்தால் அது உள்ளேயே ஊதி ஆளை அடைத்துவிடும். கையால் இழுத்து ஊதவைக்கும் வகையே அங்கே ஏற்றது. இதைச் சொல்லாமல் ஒரு பிள்ளையை அந்த இருக்கைக்கு அனுப்பும் முகாமிலிருந்து அன்றே கிளம்பி வரலாம்.

அடுத்து ஒலிப்பதிவு. தலைமைப் பண்பு என்று விளம்பரத்தில் சொல்வது உண்மையில் நடப்பது இங்கேதான். காக்ஸ் பாக்ஸ் என்ற கருவி ஒலிபெருக்கியும் அளவுமானியும் சேர்ந்தது: நிமிடத்துக்கு எத்தனை வீச்சு, எவ்வளவு நேரம், எத்தனையாவது வீச்சு என்று காட்டும், சுக்கானியின் குரலைப் படகு நெடுக ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும். அதோடு சிறு பதிவுக் கருவி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் போதும். இரவில் முழுப் பதிவையும் போட்டுக் கேட்பது தண்டம். மூன்று நிமிடத் துண்டு போதும். அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று பத்தியில் ஒன்றில் போட வேண்டும்: குழுவுக்குத் தெரியாத செய்தி, நுட்பத் திருத்தம், உந்துதல். எதிலும் சேராதவை நான்காவதாகத் தனியே நிற்கும். ‘குட்’, ‘கமான்’, ‘லெட்ஸ் கோ’ எல்லாம் அங்கே போய்ச் சேரும். முதல் இரவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த நான்காவது பத்திதான் நீளமாக இருக்கும். கேட்க வலிக்கும், ஆனால் வேறெந்த வகுப்பும் இதற்கு ஈடாகாது.

நல்ல அழைப்புக்கு ஓர் உடற்கட்டு உண்டு. யாருக்கு, என்ன, எப்போது. ‘ஐந்தாம் இருக்கை, கையைச் சீக்கிரம் வெளியே, இரண்டு வீச்சில்... ஒன்று, இரண்டு, இப்போது’ என்று சொன்னால் அது நடந்ததா என்று பார்க்கலாம். நடந்தால் ‘அதுதான்’ என்று ஒரு சொல். நடக்காவிட்டால் அதே திருத்தத்தை வேறு சொல்லில். ‘எல்லோரும் கூர்மையாக இருங்கள்’ என்பதில் பார்க்க எதுவும் இல்லை. தூரத்தைப் பற்றிப் பொய் சொல்வது இன்னும் மோசம். 400 மீட்டர் மிச்சமிருக்க ‘இன்னும் 250தான்’ என்று சொல்லிக் குழுவை ஒருமுறை ஏமாற்றலாம். அடுத்த பந்தயத்தில் உண்மையைச் சொன்னாலும் எவரும் அசைய மாட்டார். பதிவைக் கேட்கும்போது இன்னொன்றும் புலப்படும்: வாயை ஒலிவாங்கியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் சொல் உடைந்து இரைச்சலாகத்தான் போய்ச் சேரும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, வயிற்றிலிருந்து எழும் சாதாரணக் குரல் தெளிவாகப் போகும். உரத்த குரலைக் கடைசி 300 மீட்டருக்குச் சேமித்து வைக்கலாம்.

பதிவை யார் திருத்துகிறார் என்பதையும் விசாரியுங்கள். துடுப்புப் பயிற்றுநர் ஒருவரே எல்லாவற்றையும் கேட்டால் அவர் நுட்பத்தை மட்டும் பிடிப்பார். பந்தயத்தில் சுக்கானியாக உட்கார்ந்தவர் ஒருவராவது வேண்டும், எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதத்தில்.

வகுப்பறைத் தலைமைப் பாடங்களைப் பற்றி எங்களுக்கு அரைமனதுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, கயிற்று முடிச்சை அவிழ்ப்பது போன்றவை எந்தக் கோடை முகாமிலும் கிடைக்கும். சுக்கானியின் சிக்கல் வேறு. தன்னைவிடத் தலை உயரமான எட்டுப் பேரிடம், தான் வியர்க்காமல், அவர்களை வியர்க்கச் சொல்ல வேண்டும். அந்த எட்டில் ஒருவர் நெருங்கிய நண்பர், ஒருவர் போன மாதம் சண்டை போட்டவர். பயிற்றுநர் கரையிலிருந்து ஒன்று சொல்வார், சுக்கானிக்கு நேர் எதிரே ஸ்ட்ரோக் இருக்கையில் அமர்ந்து மற்றவர்களுக்குத் தாளம் வகுப்பவர் முணுமுணுப்பாக வேறொன்று சொல்வார். இந்தச் சூழ்நிலைகளை நடித்துப் பார்க்கவைக்கும் முகாம்கள் உண்டு, அவை தேறும். குறிப்பாக இரண்டு: பயிற்றுநரின் திட்டத்தை அவரிடமே திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்வது; தோற்ற பந்தயத்துக்குப் பிறகு படகிலேயே பழி போடும் பேச்சை நிறுத்துவது. சுக்கானியின் வேலை வரிசை பாதுகாப்பு, திசை, பயிற்றுநரின் திட்டம், அதன்பிறகே உற்சாகம். வரிசையைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கும் பேச்சாளர்கள் நிறையக் கைதட்டல் வாங்குகிறார்கள்.

பந்தயத் திட்ட வகுப்பு பொதுவாக நன்றாகவே இருக்கும். 2,000 மீட்டருக்கு ஏறத்தாழ 220 முதல் 240 வீச்சு. தொடக்கத்தில் குறுகிய சில வீச்சு, பிறகு அதிவேகத்தில் இருபது, பிறகு ரேட்டை (நிமிடத்துக்கான வீச்சு எண்ணிக்கையை) இறக்கிப் பந்தய ஓட்டத்தில் நிலைப்பது, 1,000 மீட்டரைச் சுற்றி ஒரு தள்ளல், கடைசி 250 அல்லது 300 மீட்டரில் முடிவோட்டம். இதைப் பிள்ளைகள் ஒரே மாலையில் எழுதிவிடுவார்கள். அதிவேகத்திலிருந்து ரேட்டை இறக்கும் அந்த நான்கைந்து வீச்சில்தான் தவறு நடக்கும். ரேட் இறங்கும்போது அழுத்தமும் இறங்கினால் படகு செத்துப்போகும். ‘நீளம், அழுத்தம் அப்படியே’ என்பதை எந்த வீச்சில் சொல்ல வேண்டும் என்று தண்ணீரில் பத்து முறை செய்து பார்க்கவைக்க வேண்டும். அதேபோல், பந்தயத் தொடக்கத்தில் நங்கூரமிட்ட மேடைக்குப் பின்னோக்கிப் போய் அமரத்தைப் பிடிகொடுத்து, பக்கக் காற்றில் அணியத்தை நேராக்குவது. இரண்டாம் இருக்கைக்காரர் முன்கோடிக்காரரின் துடுப்பை வாங்கிக் குறுக்காகச் சிறிதுசிறிதாக இழுப்பார். படகு முன்னே நகராமல் அணியம் மட்டும் பக்கவாட்டில் போகும். இதைக் கற்றுத்தரும் முகாம் குறைவு. இதற்குத் தேவை ஒரு தோணியும் அதில் குப்புறப் படுத்து அமரத்தைப் பிடிக்க ஓர் ஆளும்தான். வசதியில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

கருவிப் பாடம் ஒரு மணி நேரம் போதும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் வேண்டும். ஒலிபெருக்கி இணைப்பில் ஈரம், முறுக்கிச் சுருட்டியதால் உள்ளே அறுந்த ஒலிவாங்கிக் கம்பி, முந்தின இரவு மின்னேற்ற மறந்தது என்று முக்கால்வாசிக் கோளாறு இந்த மூன்றில் அடங்கும். கரையைவிட்டு விலகுவதற்கு முன் முன்கோடியிலிருந்து ஒவ்வொருவராக எண் சொல்லச் சொன்னால் எந்த ஒலிபெருக்கி செத்திருக்கிறது என்று அப்போதே தெரியும். ரேட் காட்டவில்லையென்றால் ஸ்ட்ரோக் இருக்கையின் அடியிலுள்ள காந்தம் கழன்றிருக்கலாம். அதுவரை கைக்கடிகாரம் போதும்: ஒரு வீச்சுக்கு மூன்று நொடி என்றால் ரேட் 20, இரண்டு நொடி என்றால் 30. பையில் 10 மில்லிமீட்டர் அல்லது அமெரிக்கப் படகானால் 7/16 அங்குல ஸ்பேனர், உபரி நட்டு, மின்நாடா. படகை இறக்கும்போது துறையின் விளிம்பில் இடித்து படகின் அடியிலுள்ள நிலைத்தகடு முறிவது அடிக்கடி நடக்கும். அந்தக் கணத்தில் சுக்கானி அமரத்தின் பக்கம் நிற்க வேண்டும், அணியத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

எடை விஷயத்தில் முகாமின் போக்கைக் கூர்ந்து கவனியுங்கள். சுக்கானி என்றால் எவ்வளவு லேசாக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு பழையது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் டச்சு இருவர் படகு தன் சுக்கானி கனமானவர் என்று அவரை இறக்கிவிட்டு, உள்ளூர்ச் சிறுவன் ஒருவனை உட்காரவைத்து வென்றது. அவன் பெயரைக்கூட எவரும் குறித்துவைக்கவில்லை. இன்றைய சர்வதேச விதியில் சுக்கானியின் குறைந்தபட்ச எடை 55 கிலோ. குறைந்தால் அதிகபட்சம் 15 கிலோ வரை மணல் மூட்டை போன்ற கூடுதல் எடையைப் படகில் சுமந்தே ஆக வேண்டும். ஆகவே 55க்குக் கீழே போவதால் ஒரு கிராம் லாபமும் கிடையாது. முகாமில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பதும், சாப்பாட்டுத் தட்டைப் பற்றிக் கிண்டல் செய்வதும் இருந்தால் அது விதியையே அறியாத முகாம். ஆண் பெண் வேறுபாடும் 2017 முதல் உலகப் போட்டிகளில் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நியூசிலாந்துப் பெண்கள் எட்டின் சுக்கானி கேலப் ஷெப்பர்ட் என்ற ஆண். ஆகவே ‘பெண்கள் படகுக்குப் பெண், ஆண்கள் படகுக்குச் சிறு பையன்’ என்று பிரித்து வைக்கும் முகாமிடம் காரணம் கேட்கலாம்.

பாதுகாப்பில் குறைந்தபட்சம் இவை: சேரும் முன் நீச்சல் சோதனை, குழுப்படகுகளோடு கூடவே வரும் பயிற்றுநர் விசைப்படகு, கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழித்தே தண்ணீரில் இறங்குவது. சுக்கானி அசையாமல் உட்கார்ந்திருப்பவர். துடுப்பு போடுகிறவர்கள் வியர்க்கும் அதே காலையில் அவருக்கு விறைக்கும், மதியத்தில் தொப்பி இல்லாவிட்டால் தலை சுடும். உடுப்புப் பட்டியலைத் துடுப்புக்காரர்களுடையதிலிருந்து அப்படியே நகலெடுத்து அனுப்பியிருந்தால், சுக்கானிகளைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

யார் போகலாம்? குறைந்தது ஒரு பருவமாவது இருக்கையில் உட்கார்ந்தவர்கள். நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்குப் படகு நேராகப் போனாலே பெரிய விஷயம். ஒலிப்பதிவுத் திருத்தம் அதற்கு அவமானமாக மட்டுமே படும். நான்கைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்களுக்கு முகாமைவிட, தங்கள் பதிவுகளைத் தேர்ந்த ஒருவருக்கு அனுப்பித் திருத்தம் வாங்குவது மலிவு, பயனும் அதிகம். இரண்டாம், மூன்றாம் பருவத்தில் நிற்பவர்களுக்குத்தான் இது சரியான அளவுச் சட்டை.

பணம் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை படகு, எத்தனை சுக்கானிகள், துடுப்பு போடுவது யார், என் பதிவை யார் கேட்பார். எண்களோடு பதில் வந்தால் இடம் பிடியுங்கள். ஐந்தாவதாக ஒன்றும் சேர்க்கலாம்: முகாம் முடிந்ததும் எழுத்தில் ஒரு குறிப்பு கிளப் பயிற்றுநருக்கு அனுப்புவார்களா? அது வராவிட்டால் பிள்ளை புதிய சொற்களோடு திரும்பிவரும், பழைய பயிற்றுநர் பழைய சொற்களையே கேட்பார், இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி. ஒலிவாங்கித் தலைப்பட்டையை மட்டும் சொந்தமாக வாங்கி எடுத்துப் போகச் சொல்லுங்கள். முகாமில் கொடுப்பவை பத்துப் பேர் வாயருகே இருந்தவை, பாதி கரகரக்கும்.